காந்தத்தில் மாட்டிய வேல்

கொளஞ்சிநாதனுக்குக் காந்தத்தோடுதான் வேலை. நிலக்கரிச் சுரங்கத்தில், வெட்டியெடுத்த மேல்மண் ஓடும் பெல்ட்டுக்கு மேலே பெரிய காந்தம் ஒன்று தொங்கும். மண்ணோடு வரும் இரும்பை அது பிடித்துக்கொள்ளும்; இல்லாவிட்டால் பெல்ட் கிழிந்துவிடும். பிடிபட்ட போல்ட்டையும் கம்பியையும் எடுத்துத் தொட்டியில் போடுவது அவர் பொறுப்பு. அதில் ஓர் ஆணியைக்கூட கேட்டைத் தாண்டிக் கொண்டுபோக முடியாது.

ஒருநாள் இலை வடிவத்தில் ஒரு துண்டு மாட்டியது. துருவேறி, உள்ளங்கை நீளத்தில், அசல் வேல் மாதிரியே இருந்தது. தொட்டியில் போட யாருக்கும் மனம் வரவில்லை. கேபினில் முருகன் படத்தின் கீழே வைத்தார்கள். அடுத்த ஷிப்ட்காரர்கள் மஞ்சள் பூசினார்கள். அதற்கடுத்தவர்கள் குங்குமம் வைத்தார்கள். ஒரு மாதத்தில் அது சாமியாகிவிட்டது.

வீட்டில் சொன்னபோது தமயந்தி சாப்பாட்டைப் பாதியில் விட்டு எழுந்தாள். அவர் மனைவி, பள்ளியில் வேதியியல் நடத்துபவள். பிள்ளைகள் இல்லாத அந்தக் குவார்ட்டர்ஸில் உலகம் அவருக்கு அவள் வாய் வழியாகத்தான் வந்துகொண்டிருந்தது. இரும்பை உருக்கத் தெரியாத காலத்திலேயே, வானத்திலிருந்து விழுந்த இரும்பைத் தட்டி மனிதர்கள் மணியும் கத்தியும் செய்துகொண்டார்கள் என்றாள். எகிப்தில் ஒரு ராஜாவின் உடம்போடு அப்படி ஒரு கத்தி கிடைத்ததாம். அந்த இரும்பில் நிக்கல் இருக்கும். இதுவும் அப்படி இருந்துவிட்டால்?

ஆயுத பூஜை அன்று மட்டும்தான் குடும்பங்களை உள்ளே விடுவார்கள். அதுவரை அவளுக்குப் பொறுக்கவில்லை. பள்ளி ஆய்வகத்திலிருந்து ஒரு மருந்தையும் அம்மோனியாவையும் சின்னப் புட்டிகளில் கொடுத்து, பஞ்சை நனைத்துத் தேய்த்து வரச் சொன்னாள். நிக்கல் இருந்தால் பஞ்சு ரோஸ் நிறமாகும். நிறம் வந்தாலும், வானத்து இரும்புதானா என்பது பெரிய ஆய்வுக்கூடத்தில்தான் உறுதியாகும். வராவிட்டால் அதோடு முடிந்தது.

பஞ்சு சிவந்தே வந்தது. அவர் சட்டைப்பையில் பத்திரமாகக் கொண்டுவந்து காட்டினார். தமயந்தி பார்த்ததும் சிரித்துவிட்டாள்.

"இது நிக்கல் இல்லைங்க, உங்க ஆளுங்க பூசின மஞ்சள். அம்மோனியா பட்டா மஞ்சள் செவந்துடும். முதல்ல சாமியைக் குளிப்பாட்டுங்க."

குளிப்பாட்டுவதும் ஆயுத பூஜைக்குத்தான் என்று ஷிப்டில் கட்டுப்பாடு. தண்ணீர் பட்டால் துரு அரிக்கும். அப்படியானால் அன்றைக்குத் தானே வந்து தேய்ப்பதாகச் சொன்னாள் தமயந்தி.

ஆவணியில் ஒரு காலை, பள்ளிக்குக் கிளம்பப் புடவைக் கொசுவம் மடித்துக்கொண்டிருந்தவள் அப்படியே உட்கார்ந்தாள். ஆஸ்பத்திரி போய்ச் சேரும்வரைகூட உயிர் தங்கவில்லை.

ஆயுத பூஜை வந்தது. வண்டிவண்டியாகக் குடும்பங்கள் இறங்கின. கொளஞ்சிநாதன் புட்டிகளோடு கேபின் வாசலில் போய் நின்றார். தை மாதம் அவருக்கு ரிட்டயர்மென்ட். அடுத்த பூஜைக்கு அவர் இங்கே இருக்கப்போவதில்லை.

இளம்பரிதி குடத்தோடு குறுக்கே வந்தான். காந்தத்தில் அவரோடு வேலை பார்ப்பவன்.

"அண்ணே, தப்பா நினைக்காத. துக்கம் நடந்து வருஷம் திரும்பலை. நீ சாமியைத் தொடக்கூடாது."

அவருக்கு அந்தத் தீட்டு நினைவிலேயே இல்லை. எதற்கு வந்தார் என்று சொல்லி, புட்டிகளை நீட்டினார். இளம்பரிதி அவற்றைக் கையில் வாங்கிக்கொண்டான்.

"பத்தாவதுல அண்ணிதான் எனக்குப் பாடம் எடுத்தாங்க, நான் தேறவே மாட்டேன்னு சொல்லிக்கினு இருப்பாங்க. இப்ப அவங்களுக்கே பரீட்சை வச்சிட்டியே. நீ கேபின் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நில்லு. எப்படித் தேய்க்கணும்னு சொல்லு."

வெளியே நின்று அவர் சொல்லச் சொல்ல, புளி போட்டுத் துலக்கினான். நுனியில் அரம் வைத்துத் துருவைச் சுரண்டினான். இரும்பு பளிச்சென்று தெரிந்தது. பஞ்சை நனைத்துத் தேய்த்து, கண்ணாடியில் ஒட்டினாற்போல் பிடித்தான்.

"வெள்ளையாவே கீதுண்ணே."

"இன்னொரு தடவை. அழுத்தித் தேய்."

அதுவும் வெள்ளைதான். மண்ணிலிருந்து எடுத்து யாரோ உலையில் உருக்கிய இரும்பு. அவள் நினைத்தது தவறு. முப்பது வருஷத்தில் முதல் தடவையாக, தமயந்திக்குத் தெரியாத ஒன்று கொளஞ்சிநாதனுக்குத் தெரிந்திருந்தது. அதை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று அவருக்குத் தெரியவில்லை.

"மஞ்சள் பூசிடலாமா? வூட்டு ஆளுங்கல்லாம் காத்துக்கினு இருக்காங்க."

சரியென்று அவர் தலையசைத்தார். உள்ளே கற்பூரம் ஏற்றினார்கள். கும்பிட வந்தவர்கள் நெருக்கியடித்து நிற்க, அவர் இடம் விட்டு விலகி, பெல்ட் ஓரமாக நடந்தார்.