எட்டும் எழுபத்திரண்டும்

என் அப்பா ஆரம்பாக்கம் ரயில் நிலையத்தில் டிக்கெட் கொடுப்பவராக இருந்தார். எங்கள் தெருவில் காமிரா வைத்திருந்தவர் அவர் ஒருவர்தான். கறுப்புப் பெட்டிக் காமிரா. ஒரு சுருளுக்கு எட்டுப் படம். எட்டையும் எடுத்து மதராஸுக்கு அனுப்பினால் பத்து நாளில் உள்ளங்கை அகலத்தில் தெளிவான படங்கள் வரும். சூரியன் தன் முதுகுப் பக்கம் இல்லாவிட்டால் அப்பா காமிராவைத் தொடமாட்டார். "எதிர் வெயில்ல எடுத்தா மூஞ்சி கருத்துடும்" என்று அவர் சொல்வது தெரு முழுக்க மனப்பாடம்.

எனக்குப் பத்து வயதானபோது, துறைமுகத்தில் வேலை பார்த்த பெரியப்பா ஒரு கப்பல்காரரிடம் வாங்கிய புதுக் காமிராவைக் கொண்டுவந்தார். சோப்புப் பெட்டி அளவுதான் இருந்தது. ஒரே சுருளில் எழுபத்திரண்டு படம்.

"வெச்சுப் பாருடா. புடிச்சிருந்தா உன் பெட்டிய எனக்குக் குடுத்துடு. எனக்குக் கண்ணு மங்கிப்போச்சு, பெரிய படந்தான் ஆவும்" என்றார்.

அப்பா எதையும் சட்டென்று முடிவு செய்பவரல்ல. ஒரு நோட்டில் நடுவே கோடு கிழித்து, இடப்பக்கம் பழையதையும் வலப்பக்கம் புதியதையும் எடைபோட்டார். பழையதில் நெகடிவ் பெரிது, முகம் தெளிவு. ஆனால் எட்டோடு சரி. புதியதில் படம் ஏராளம். ஆனால் நெகடிவ் நகத்தளவு. அடியில் 'முடிவு' என்று எழுதி இடம் விட்டு வைத்தார். காமிராவுடன் வந்த ஆங்கிலக் குறிப்புகளை அவர் தமிழில் சொல்லச் சொல்ல, அடுத்த பக்கத்தில் நான் எழுதினேன். மொத்தம் பத்தொன்பது குறிப்புகள். என் கவனமெல்லாம் எழுத்து கோட்டின் மேல் உட்காருவதிலேயே இருந்தது.

அந்தக் காமிராவை நினைத்தால் எனக்கு மூச்சு நின்றுவிடும். எடுத்த படமெல்லாம் அதற்குள் இருட்டில் வரிசையாகக் காத்திருக்கிறது என்று அப்பா சொல்லியிருந்தார். ரயில்வே கேட்கீப்பர், போஸ்ட்மேன், எங்கள் பசு எல்லாரும் அந்தச் சோப்புப் பெட்டிக்குள் பேசாமல் இருக்கிறார்கள்! நான் அலமாரியைத் திறக்கும்போது கூடச் சத்தமில்லாமல் திறப்பேன்.

முப்பத்தோராவது படம் சித்தியின் குழந்தை. சித்தி, அம்மாவின் தங்கை. எங்கள் வீட்டுக்கு நான்காவது வீடு. குழந்தைக்கு அப்போது ஏழு மாதம். படத்தின் எண்ணையும் நேரத்தையும் நோட்டில் குறித்தது நான்தான். அடுத்த மாதமே, மூன்று நாள் காய்ச்சலில் அவன் போய்விட்டான். அவனுக்கு வேறு படம் கிடையாது.

அதற்குப் பிறகு சித்தி வெளியே வரவில்லை. சித்தப்பா கும்மிடிப்பூண்டியில் புதிதாக எழும்பிக்கொண்டிருந்த தொழிற்சாலையில் கட்டட வேலைக்குக் காலை ரயிலில் போனதும் கதவு சாத்திக்கொள்ளும். சோறு கொண்டுபோகும் அம்மாவிடம் அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "அந்தப் படம் வந்துச்சாக்கா?"

அம்மா அப்பாவிடம் கேட்டாள்.

"எழுவத்திரெண்டும் முடிஞ்சாத்தான் சுருள வெளிய எடுக்க முடியும். முப்பத்தெட்டுல நிக்குது" என்றார் அப்பா.

"அப்ப எதையாச்சும் எடுத்துத் தள்ளுங்களேன். சொவுத்த எடுங்க."

"சொவுரு எதுக்கு? தெருவுல ஆளுங்க இல்லியா? ஞாயித்துக்கெழம காலைல எல்லாரையும் உன் தங்கச்சி வாசலுக்கு வரச் சொல்லு."

ஞாயிற்றுக்கிழமை வந்தவர்களை இன்றும் அந்த நோட்டிலிருந்து வரிசையாகச் சொல்ல முடியும். கேட்கீப்பர் பச்சைக் கொடியோடு வந்தார். தையற்காரர் தோளில் அளவு நாடாவைப் போட்டிருந்தார். ஏரிக்கரைக் குப்பத்திலிருந்து மீன் கொண்டுவரும் அம்மாள் அப்பாவைப் பார்த்து, "நைனா, கூடையோட நிக்கட்டா, எறக்கி வெச்சிட்டு நிக்கட்டா?" என்றாள்.

"கூடையோடயே நில்லு. அப்பத்தான் நீன்னு தெரியும்" என்றார் கேட்கீப்பர்.

"ஏன், உன்ன மாதிரி கொடி புடிச்சிக்கினு நிக்கணுமா?"

வாசல் முழுக்கச் சிரிப்பு. கதவு மட்டும் சாத்தியே இருந்தது.

எனக்கு ஒன்று மட்டும் உறுத்தியது. சித்தி வீடு மேற்குப் பார்த்தது. காலை வெயில் வீட்டுக்குப் பின்னாலிருந்து அப்பாவின் கண்ணிலேயே அடித்தது. "அப்பா, எதிர் வெயிலு" என்று மெதுவாகச் சொன்னேன். "பரவால்ல, நம்பர எழுது" என்றார். அப்பாவா இப்படிச் சொல்கிறார் என்று திகைத்தபடி எழுதினேன்.

ஐம்பத்தைந்தாவது படத்தின்போது கதவு ஒரு கை அகலம் திறந்தது. அறுபதில் தையற்காரரின் நான்கு பெண்களை அப்பா வரிசையாக நிறுத்தியபோது, சித்தி விருட்டென்று வெளியே வந்தாள்.

"இன்னா மாமா, நீங்கதான சொல்லுவீங்க? எதிர் வெயில்ல நிக்க வெச்சா அத்தினி பேர் மூஞ்சியும் கரிச்சட்டியா வரும்ல?"

 அவளே அந்தப் பெண்களைத் தோளைப் பிடித்துத் திருப்பி, எதிர்ச்சாரிக்குக் கூட்டிப்போய், வெயில் முகத்தில் விழும்படி நிறுத்தினாள். ஒருத்தியின் ரிப்பனை அவிழ்த்துக் கட்டினாள். எழுபத்தொன்று வரை ஒவ்வொருவரையும் அவள்தான் நிறுத்தினாள். எழுபத்திரண்டாவதாக அப்பா அவளை எடுத்தார். நெற்றி வேர்வையை முந்தானையால் துடைத்துக்கொண்டிருந்தாள்.

பத்து நாளில் படங்கள் வந்தன. நகத்தளவுச் சதுரங்களில் எங்கள் தெரு முழுவதும் ஒரே தாளில் இருந்தது. அதை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு, கீழே வைக்க மனமில்லாமல் நின்றேன். குழந்தையின் படத்தைத் தபால் அட்டை அளவுக்குப் பெரிதாக்கியிருந்தார்கள். முகம் ரவையாகச் சிதறித் தெரிந்தது. சிரிப்பு மட்டும் சிதறவில்லை. சித்தி அதை வெளிச்சத்துக்கு நகர்த்தி நகர்த்திப் பார்த்தாள்.

அடுத்த வாரம் வந்த பெரியப்பா கதையைக் கேட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "முழுசும் முடியணும்னு எவன்டா சொன்னான்? பாதியிலயே திருப்பிச் சுத்தி எடுத்திருக்கலாமேடா!"

"அப்படியா? எனக்குத் தெரியாமப் போச்சே" என்றார் அப்பா.

விஷயம் தெருவுக்குப் பரவியது. "நைனா, டிக்கெட்டாச்சும் சரியா குடுக்கிறியா?" என்று மீன்கார அம்மாள் பல மாதம் கேட்டாள். அப்பா சிரித்துக்கொண்டே போவார். எல்லாவற்றையும் சரியாகச் செய்கிறவர் இப்படி ஏமாந்துவிட்டாரே என்று எனக்குத்தான் அவமானமாக இருந்தது.

பெட்டிக் காமிராவைப் பெரியப்பாவிடம் கொடுத்துவிட்டார். நோட்டில் 'முடிவு' என்ற இடத்தில் "எட்டு போதாது" என்று எழுதினார். காரணம் எழுதவில்லை.

போன மாதம் அந்த நோட்டைப் பைண்டிங்குக்குக் கொடுப்பதற்காகப் பக்கங்களைச் சரிபார்த்தேன். காமிரா வந்த அன்று எழுதிய குறிப்புகளில் பதினோராவது: "படங்கள் முடியாவிட்டாலும், அடியிலுள்ள பொத்தானை அழுத்தி, சுருளை எப்போது வேண்டுமானாலும் திருப்பிச் சுற்றி எடுத்துக்கொள்ளலாம்."

அப்பா சொல்ல, நான் எழுதியது. என் குண்டு எழுத்து. ஓர் எழுத்துகூடக் கோட்டை விட்டு விலகவில்லை.