லூசியானோவுக்கு விட்டு வைத்த இடம்

ரொட்டி வாங்கப் போகும்போது லூசியானோ மூன்று தெரு சுற்றித்தான் போகிறார். நேரே போனால் பாட்டு மன்றம். சன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு காலையிலேயே யாராவது தொண்டையைச் சரிசெய்துகொண்டிருப்பார்கள். பாட்டுப் போட்டபடி கார் வந்தால் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுவிடுகிறார். அறுபது வயது மனிதருக்குச் சுவரோடு என்ன பேச்சு என்று வெளியூர்க்காரர்கள் நினைக்கலாம். ஹெரெஸ் ஊரின் எங்கள் சாந்தியாகோ பேட்டையில் யாரும் அப்படி நினைப்பதில்லை. ஹித்தானோ ஜிப்சி வீட்டில் சாவு விழுந்தால் பாட்டு கூடாது, கைதட்டல் கூடாது, டிவிகூடக் கூடாது. பிப்ரவரியில் அவருடைய மகன் காதிஸ் சாலையில் பைக்கோடு போய்விட்டான். அவன் பெயரையும் இப்போது நாங்கள் சொல்வதில்லை.

கைதட்டுவதுதான் லூசியானோவின் பிழைப்பு. ஃபிளமெங்கோ மேடையில் பாடகருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, பன்னிரண்டு அடித் தாளத்தைக் கையால் பிடித்துக் கொடுப்பவர். போஸ்டரில் அவர் பெயர் இருக்காது. ஆனால் அவர் வரவில்லை என்றால் பாடகர் மேடை ஏறமாட்டார். விரித்த கையில் விறகு ஒடிகிற சத்தம் வரும். குவித்த கையில், கதவுக்கு அப்பால் யாரோ தட்டுகிற சத்தம். குளிர்காலத்தில் தோல் வெடிக்காமலிருக்க ஆலிவ் எண்ணெய் தேய்ப்பார். "பாடுறவன் எங்க வேணா ஓடிப் போகட்டும். திரும்பி வர்றப்போ வீடு இருக்கணும்ல? அந்த வீடு நான்," என்பார். தற்பெருமை கொஞ்சம் உண்டு, இல்லை என்று சொல்ல முடியாது.

மகனுக்குக் குரல் இருந்தது. பார்சிலோனாவிலிருந்து வந்த நூரியாவோடு சேர்ந்து, ஒரு பழைய ஒயின் கிடங்கில், பாட்டன் காலத்து ஒப்பாரியை மின்கருவிகளின் இரைச்சலுக்கு நடுவே பாடிப் பதிவு செய்தான். தட்ட வரச் சொல்லி அப்பாவிடம் கெஞ்சினான். "துணி துவைக்கிற மெஷினுக்கு நான் தட்டணுமாடா? அது மூச்சு விடாது. மூச்சு விடாததோட எனக்கென்ன சகவாசம்?" என்று நாலு பேர் முன்னால் சொல்லி அனுப்பிவிட்டார். அதுதான் இப்போது அவரைத் தின்கிறது.

வழக்கப்படி அவன் உடைமைகளை எரித்தார்கள். சட்டைகள், கிதார், செல்போன் எல்லாம் போயின. துக்கம் சரியாகக் காக்கப்படுகிறதா என்று வீடு வீடாக மோப்பம் பிடிக்கிற மைத்துனர் ரமீரோ ஒருநாள் வந்து உட்கார்ந்தார்.

"எல்லாத்தையும் எரிச்சீங்களே மச்சான், குரலை எரிச்சீங்களா? அது அந்தப் பொண்ணு மெஷின்ல உக்காந்திருக்கு. நாளைக்கு எவனோ குடிச்சிட்டு அதுக்கு ஆடுவான், நீங்க பார்த்துக்கிட்டு இருங்க."

மனைவி ரெமேதியோஸ் அடுப்பில் கொண்டைக்கடலையைக் கிளறிக்கொண்டே, "போய் அழிச்சிட்டு வந்திடுங்க," என்றாள். திரும்பிப் பார்க்கவில்லை.

மறுநாள் காலை லூசியானோ நூரியாவின் கிடங்குக்குப் போனார். "அதை அழிச்சிடும்மா."

"உங்க பிள்ளை, உங்க முடிவு மாமா," என்றாள் நூரியா. "ஆனா வேற நகல் இல்ல. அழிச்சா அழிஞ்சதுதான். ஒரு தடவை கேட்டுட்டுச் சொல்லுங்க."

"துக்கம்மா. கேக்கக் கூடாது," என்றார். ஆனால் எழுந்து போகவில்லை. அவள் போட்டாள்.

குரல் இரைச்சலுக்குள்ளிருந்து ஏறி வந்து, உடைந்து, சட்டென்று நின்றது. தாளக் கருவி மட்டும் தனியாக ஓடிக்கொண்டிருந்தது.

"என்ன, நின்னு போச்சு?"

"அது உங்க இடம். வேற ஆளை வச்சுத் தட்டிக்கலாம்னு நானும் சொல்லிப் பார்த்தேன். கேக்கல. கிழவர் வருவாரு, முரண்டு பிடிச்சிட்டுத்தான் வருவாருன்னான்."

லூசியானோ காது கொடுத்தார். கருவி சக்கரம் மாதிரி ஓடவில்லை. பத்தாவது அடிக்கு முன்னால் இம்மியளவு தயங்கி விழுந்தது. அந்தத் தயக்கம் இந்த ஊரில் அவர் ஒருவர் கைக்குத்தான் உண்டு. மகன் உட்கார்ந்து அதை இயந்திரத்துக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறான்.

"என்ன மாமா, அழிக்கட்டுமா?"

"மறுபடி போடு. மைக்கை இங்க வை."

நூரியா மாட்டிவிட்ட ஹெட்போனுக்குள் குரல் நின்ற இடம் வந்தது. லூசியானோ கைகளை உயர்த்தினார். சுற்றுக்குப் பின் சுற்றாக, தோள் குலுங்க, நெற்றி வியர்க்க, ஓர் அடி பிசகாமல் தட்டினார். ஒவ்வொரு அடிக்கும் இரண்டு உள்ளங்கைகளும் வேகமாக வந்து, ஒன்றையொன்று தொடுவதற்கு ஒரு நூல் இடைவெளியில் நின்றன. நூரியாவின் முன்னால், மைக்கில் விழும் சத்தத்தைக் காட்டும் ஒலிமானி முள் அசையவே இல்லை.