இருபத்தாறாவது படி

எங்கள் வீட்டில் ஒரு ராக்கெட்டை ஐந்து மாதம் கட்டினோம். இதற்குள் நிஜ ராக்கெட்டே போய்விட்டுத் திரும்பி வந்திருக்கும் என்று அம்மா சொல்வாள்.

1962இல், எனக்குப் பத்து வயதில், பிரெஞ்சுத் துறைமுகமான துலோனிலிருந்து சித்தப்பா அனுப்பிய பெட்டி அது. அவர் பிரெஞ்சுப் பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்று அங்கேயே தங்கிவிட்டவர். லீவில் ஊருக்கு வந்த அவருடைய நண்பர் ஒருவர், பெட்டியையும் அப்பாவுக்கு ஒரு கடிதத்தையும் உப்பளம் பகுதியில் இருந்த எங்கள் வீடு தேடிக் கொண்டுவந்து கொடுத்தார். பெட்டி எனக்கு. சட்டத்தில் ஒட்டிய சாம்பல் நிறப் பிளாஸ்டிக் துண்டுகள், ஒரு குழாய்ப் பசை, மூடியில் ஏணியும் கோபுரமுமாக நிற்கும் ராக்கெட்டின் படம்.

கடிதம் பெரியவர்களுக்கு. முன்பு பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட எங்கள் ஊர் அந்த ஆகஸ்டில்தான் சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்திருந்தது. பிரெஞ்சுக் குடிமக்களாகவே இருக்க விரும்புகிறவர்கள் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்க வேண்டும், போடாதவர்கள் இந்தியர்கள். அங்கே துறைமுகத்தில் அப்பாவுக்கு ஒரு வேலை சொல்லி வைத்திருப்பதாகவும், வருஷம் முடிவதற்குள் கையெழுத்துப் போட்டுவிட்டுப் பதில் எழுதாவிட்டால் அந்த வேலை கைநழுவிப் போய்விடும் என்றும் சித்தப்பா எழுதியிருந்தார். அம்மாவுக்கு அன்றைக்கே பாதி மனசு கப்பல் ஏறிவிட்டது. அந்தப் புழுக்கத்தில் கம்பளி நூல் வாங்கிவந்து எனக்கு ஸ்வெட்டர் பின்ன ஆரம்பித்தாள். அப்பா என்ன சொல்கிறார் என்று கேட்டாள்.

"புள்ள ஆசையா இருக்குது. இது முடியட்டும், அன்னைக்கே ஒக்காந்து எழுதிடறேன்" என்றார் அப்பா, பெட்டியைக் காட்டி.

இதில் முதல் பாதிதான் என் காதில் விழுந்தது.

அப்பா மராமத்து இலாகாவில் வரைபடம் வரைகிறவர். ஊரின் பாதிச் சாக்கடைகளும் மதகுகளும் அவர் பென்சிலிலிருந்து வந்தவை. பெருமழை பெய்துவிட்டால் குடையோடு கிளம்பிப் போய், தான் வரைந்த வழியில்தான் தண்ணீர் ஓடுகிறதா என்று பார்த்துவிட்டு வருவார். எதையும் இரண்டு தடவை அளக்காமல் நம்பமாட்டார். அதுவரை என்னிடம் அதிகம் பேசியதும் இல்லை.

பெட்டியில் என் சுண்டுவிரல் நகத்தளவு ஒரு ஆள் இருந்தான். அப்பா அவனை ஏணியின் பக்கத்தில் நிறுத்திப் பார்த்தார். ஏணிப் படிகள் தடித்தடியாக, பின்பக்கம் அடைத்துக்கொண்டு இருந்தன.

"இவன் கை இந்தப் படியப் புடிக்குமா, சொல்லு" என்றார். "அவன் தொடை மொத்தத்துக்கு இருக்குது ஒவ்வொண்ணும்."

அன்றிலிருந்து பெட்டியில் வந்த எதுவும் அப்படியே ஒட்டப்படவில்லை. ராக்கெட்டின் இறக்கைகளைக் கண்ணாடிச் சில்லால் சுரண்டி ஓரத்தை மெலிதாக்கினார். துண்டுகள் போக மிஞ்சிய சட்டத்தை மெழுகுவர்த்தியில் காட்டி, இளகியதும் இரண்டு பக்கமும் இழுத்தால் தலைமுடி போல நீளும். அதை வெட்டி எண்ணெய்க் குழாய்களாக ஒட்டினோம். இழுக்கிற வேலை எனக்கு. ஏணியைத் தூக்கிப் போட்டுவிட்டு, பலகையில் குண்டூசிகள் அடித்து, ஃபியூஸ் கம்பியைக் குறுக்கே கட்டிப் படிபடியாகப் புதிதாகச் செய்தார். ஆபீஸ் விட்டு வந்ததும் காபி குடித்துவிட்டு என்னைக் கூப்பிடுவார். அந்த மாலைகளில் இருந்ததுபோல நான் என்றும் சந்தோஷமாக இருந்ததில்லை.

ஆகவே முடிந்துவிடுமோ என்ற பயம் எனக்கு வந்தது. அப்பா "அவ்ளோதான்" என்று சொல்லும்போதெல்லாம் நான் ஒரு குறை கண்டுபிடித்தேன். கோபுரத்துக்குக் கைப்பிடி இல்லை. கதவுக்குக் கீல் இல்லை. குறை சொல்வதில் எனக்கு அப்படியொரு சாமர்த்தியம் இருப்பது அதுவரை யாருக்கும் தெரியாது. சொன்னதையெல்லாம் அப்பா ஏற்றுக்கொண்டார். அம்மா ஸ்வெட்டருக்கு இரண்டு கைகளும் பின்னி முடித்து, கழுத்துக்கு வந்திருந்தாள்.

டிசம்பர் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ராக்கெட் மேஜைமேல் முழுதாக நின்றது. அம்மா அதைப் பார்த்தாள். உள்ளே போய், கையெழுத்துப் போட வேண்டிய காகிதத்தையும் பேனாவையும் கொண்டுவந்து அதன் பக்கத்தில் வைத்தாள். அப்பா பேனாவின் மூடியைத் திருகினார். காகிதத்தைப் படித்தார். மறுபடி முதலிலிருந்து படித்தார்.

எனக்கு அந்தக் காகிதம் ஒரு பொருட்டாகவே தெரியவில்லை. நாளைக்கு ஆபீஸ் விட்டு வந்து அப்பா என்னைக் கூப்பிட மாட்டார் என்பதுதான் தெரிந்தது.

"அப்பா, படத்துல ஏணிக்கு இருபத்தாறு படி. நாம இருபத்தஞ்சுதான் கட்டியிருக்கோம்" என்றேன்.

பச்சைப் பொய். படத்தில் இருந்த படிகளை நான் எண்ணியதே இல்லை. பெட்டியின் மூடியை எடுத்து எண்ணினால் மாட்டிக்கொள்வேன். மூடி அவர் கைக்கெட்டும் தூரத்தில்தான் கிடந்தது.

அப்பா அதைத் தொடவில்லை. என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு பேனாவை மூடினார்.

"ஆமா, ஒண்ணு கொறையுது" என்றார். குண்டூசிப் பலகையை இழுத்து வைத்துக்கொண்டார்.

இருபத்தாறாவது படியைக் கட்ட, வருஷம் தாண்டி ஜனவரி பாதிவரை ஆனது. அப்பாவையே ஏமாற்றிவிட்டேன் என்ற பெருமையில் நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். அந்தப் பெருமையை இப்போது நினைத்தால் கூச்சமாக இருக்கிறது.

பொங்கல் முடிந்து ஒரு நாள் பள்ளிக்கூடத்திலிருந்து வந்தபோது, அம்மா என் ஸ்வெட்டரை மடியில் போட்டுக் கழுத்திலிருந்து பிரித்துக்கொண்டிருந்தாள். நூல் சுருள் சுருளாகத் தரையில் விழுந்தது. அவளும் எங்களைப்போல எதிலோ ஒரு குறை கண்டுபிடித்துவிட்டாள், இன்னும் நன்றாகப் பின்னப் போகிறாள் என்று நினைத்தேன். எதிரில் உட்கார்ந்து, அந்த நூலை உருண்டையாகச் சுற்றிக் கொடுத்தேன்.