ஒற்றைக் கையுறைக்கு ஒரு கேள்விக்குறி

பள்ளத்தாக்கின் புதிய மலையேற்றப் புத்தகம் அச்சாகி வந்த அன்று, முப்பத்தோரு பிரதிகளையும் வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுக்கும் வேலை ஸ்வோன்காவின் தலையில் விழுந்தது. ஊருக்கு வேறு தபால்காரி கிடையாது. எந்தப் பாறையில் எப்படி ஏறுவது, குளிர்காலத்தில் உறைந்துபோகும் எந்த அருவியில் எப்படி ஏறுவது, எதை யார் முதலில் ஏறினார்கள் என்று ஒன்று விடாமல் போட்ட புத்தகம். முப்பத்தொன்றில் ஒன்று அவளுடையது. வண்டியிலேயே உறையைக் கிழித்தாள்.

"ஒற்றைக் கையுறை. பனிக்கட்டி, அறுபது மீட்டர். முதலில் ஏறியவர்கள்: ஸ்வோன்கா, பிரேடா, ஜனவரி 1987 (?). பின்னர் யாரும் பார்த்ததில்லை."

முதலில் ஏறியவர்தான் வழிக்குப் பெயர் வைக்க வேண்டும். பாதியில் பிரேடாவின் கையுறை ஒன்று நழுவிப் போனதால் அந்தப் பெயர். பிரேடா இருந்தவரை அவளும் கூடவே சாட்சி சொன்னாள், ஊர் நம்பவில்லை. அவள் இறந்து நான்கு வருடமாகிறது. இப்போது தன் பெயருக்குப் பக்கத்தில் நிற்கும் கேள்விக்குறியைத் தானே முப்பது வீட்டுக்குச் சுமந்துபோக வேண்டும். இப்படி ஒரு கொடுமை எந்தத் தபால்காரிக்கும் வரக் கூடாது.

மூன்றாவது வீடு பொல்டேயுடையது. அந்தக் காலத்தில் மலையேறுவோர் சங்கத்தின் செயலாளர். சங்கப் பதிவேட்டில் முதன்முதலாக அந்தக் கேள்விக்குறியைப் போட்ட புண்ணியவான் அவர்தான்.

"என்ன ஸ்வோன்கா, உன் கதைய அச்சுலயே ஏத்திட்டாங்களாமே?"

"கதை இல்ல பொல்டே. ஏறினேன்."

"ஏறியிருப்ப. கனவுல நான்கூட இமயமலை ஏறியிருக்கேன்."

முப்பத்தாறு வருடமாக இதே கிண்டல். சிரித்துச் சமாளித்தே பழகியவளுக்கு அன்று சிரிப்பு வரவில்லை. அடுத்த கோடையில் அவளுக்கு ஓய்வு. புளுகுணி என்ற பெயரோடு வீட்டில் உட்கார வேண்டுமா?

புத்தகத்தை எழுதிய டிலென் பள்ளிக்கூடத்தில் பூகோளம் நடத்துகிறவன். கூப்பிட்டதும் ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்துவிட்டான். பழைய மரமில்லுக்குப் பின்னால், தபால் கொண்டுபோகிறவளைத் தவிர யாரும் போகாத ஒதுக்குப்புறத்தில் இருக்கும் அந்தப் பாறைக்கு இருவரும் போனார்கள்.

"உங்க மேல சந்தேகம் இல்லக்கா, பாறை மேலதான். மேல ஓடை இல்ல, ஊத்து இல்ல. அறுபது மீட்டர் உறையறதுக்குத் தண்ணி எங்கேருந்து வந்துச்சு? அத மட்டும் சொல்லுங்க, அடுத்த வாரமே திருத்தம் போட்டு அனுப்பறேன்."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். எதிரே ஒரு சொட்டு ஈரமில்லாமல் காய்ந்த சுண்ணாம்புப் பாறை. கையுறை விழுந்தது நினைவிருக்கிறது, பனிக்கட்டியின் நீலம் நினைவிருக்கிறது, ஆனால் இந்தப் பாறையைப் பார்க்கப் பார்க்க எதுவும் ஒட்டவில்லை. வேறு எங்காவது ஏறிவிட்டு இடத்தை மாற்றிச் சொல்லிக்கொண்டிருக்கிறோமா? பொல்டே சொல்வதுதான் சரியோ? ஊர் பேசியபோது வராத பயம் இப்போது வந்தது.

சுற்றுவழியாகப் பாறையின் தலைக்கு ஏறினார்கள். புதரில் டிலெனின் கால் எதிலோ இடறியது. துருப்பிடித்த இரும்புக் குழாய், முழ நீளம். பக்கத்திலேயே குழாயைத் திறந்து மூடும் திருகுபிடி ஒன்று உடைந்து கிடந்தது. தொலைவில் இருக்கும் மேட்டு ஊற்றிலிருந்து இந்தப் பாறைத் தலை வழியாக மில்லுக்குத் தண்ணீர் கொண்டுபோன குழாய். 1987 வசந்தத்தில் மில்லை மூடியதும் அதைப் பிடுங்கிப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டார்கள். அவள் ஏறியபோது மேலே இடுப்பளவு பனி. குழாய் எங்கே கண்ணில் படும்?

அந்தக் குளிர்காலத்தில் மில்லில் குழாய்க்குப் பொறுப்பாக இருந்தவன் அவளுக்கு நன்றாகத் தெரிந்தவன். அடுத்த வருடம் அவனைத்தான் கட்டிக்கொண்டாள்.

வீட்டில் லுட்விக் மதியத்துக்குக் களி கிளறிக்கொண்டிருந்தான். திருகுபிடியை மேசையில் வைத்தாள். அவன் கரண்டி நின்றது.

"தானா ஒழுகிச்சா?" என்றாள்.

"இல்ல. தெறந்து விட்டேன். மூணு வாரம்."

"எதுக்கு?"

"தெனம் தபால் சைக்கிள நிறுத்தி அந்தப் பாறையவே பாப்ப. இங்க மட்டும் பனி உறைஞ்சா எப்படி இருக்கும்னு பிரேடாகிட்ட சொன்னே. காதுல விழுந்துச்சு."

"பொல்டே என்னைப் புளுகுணின்னானே, அப்பவாவது வாயத் தெறந்தியா?"

"மொதல்ல வேலை போயிடும்னு பயம். அப்புறம், அது உன் பனி. என் பேரு அதுல ஒட்டக் கூடாதுன்னு இருந்துச்சு. நாள் ஆக ஆக எப்படிச் சொல்றதுன்னே தெரியல. நான் என்ன நெனச்சேன்னு எனக்கே இப்ப வெளங்கல."

அவனைக் கட்டிப்பிடிப்பதா, களிச்சட்டியைத் தலையில் கவிழ்ப்பதா என்று அவளுக்கும் விளங்கவில்லை. இரண்டையும் செய்யாமல் உட்கார்ந்து சாப்பிட்டாள்.

மூன்று நாள் மண்டை குழம்பித் திரிந்தாள். பாதிரியாரின் மின்கட்டண ரசீதைப் பொல்டே வீட்டில் போட்டாள். சொன்னால் குழாய்த்தண்ணீரில் ஏறியவள் என்று சிரிப்பார்கள். சொல்லாவிட்டால் இதுவரை சொல்லாத பொய்யை இனிமேல்தான் சொன்னதாகும். நான்காம் நாள் டிலெனைக் கூப்பிட்டு ஒன்று விடாமல் சொன்னாள்.

அடுத்த வாரம் திருத்தச் சீட்டுகள் வந்தன. பொல்டே கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு இரண்டு தடவை படித்தார்.

"அப்ப குழாய்த்தண்ணியா?"

"ஆமா. உறைஞ்சிருந்துச்சு. ஏறினேன்."

அவர் சீட்டைப் புத்தகத்தில் ஒற்றைக் கையுறை இருந்த 148ஆம் பக்கத்தில் வைத்து மூடினார்.

கடைசிச் சீட்டை லுட்விக் பேருக்குப் பதிவுத் தபாலாகத் தன் செலவில் அனுப்பியிருந்தாள். சொந்த வீட்டு வாசலில் நின்று மணியடித்தாள். லுட்விக் கதவைத் திறந்து உறையைப் பிரித்தான். "கேள்விக்குறி நீக்கப்படுகிறது. முதலில் ஏறியவர்கள்: ஸ்வோன்கா, பிரேடா. தண்ணீர்: லுட்விக்."

அவனை மன்னித்துவிட்டோமா இல்லையா என்று அவளுக்கு இன்னும் தெரியாது. கையெழுத்துப் புத்தகத்தை நீட்டினாள். அவன் ஏதோ கிறுக்கப் போனான்.

"பேர முழுசா எழுது," என்றாள்.