பதினாலு பேருக்குச் சொன்ன சாப்பாடு

எங்கள் நடைக் கூட்டத்தில் பதினைந்து பேர். சிலருக்குச் சீனி வருத்தம், சிலருக்குப் பிரஷர். நடக்கச் சொல்லி டாக்டர்மார் சொன்னதால் லண்டன் வால்தம்ஸ்டோவில் ஒன்று சேர்ந்தவர்கள். மாதத்தில் ஒரு ஞாயிறு ரயிலேறி, நகரத்துக்கு வெளியே போய் வயல்வழியாக நடப்போம். பாதையும் நேரமும் தீர்மானிப்பவர் ஒரு மலேசியாக்காரர், ஓய்வு பெற்ற கணக்காளர். நான் எப்போதும் கடைசி ஆளாகப் பேசாமல் நடந்து வருவேன்.

ஒரு கோடையில் அவருக்கு முழங்காலில் ஆப்பரேஷன் நடந்தது. பார்க்கப் போன என்னிடம் வரைபடத்தை நீட்டினார்.

“அடுத்த நடையை நீங்க பார்த்துக்குங்க.”

“நான் அஞ்சாம் வகுப்புத்தான் அண்ணை. இங்கிலீசும் வராது.”

“நாங்க வழி தப்பினப்பல்லாம் பின்னால இருந்து கை காட்டினது யாரு? அதுக்கு இங்கிலீஷ் வேணாம் லா. ஒண்ணு மட்டும் கவனம். பப்ல சாப்பாடு சொன்னா சாப்பிடணும். போன தடவை மாதிரி ஆகக் கூடாது.”

எங்கள் ஆட்கள் சாப்பாட்டுப் பார்சல் கட்டாமல் வெளியே கிளம்ப மாட்டார்கள். போன தடவை நடை முடிகிற இடத்துப் பப்பில், சாப்பாடும் போடுகிற மதுக்கடையில், எல்லாருக்கும் மதியச் சாப்பாடு சொல்லியிருந்தும், பாதி வழியில் புட்டுப் பார்சல்களைப் பிரித்துவிட்டோம். அங்கே போனபோது ஒருவருக்கும் பசியில்லை. தட்டுகள் வந்தபடியே திரும்பிப் போயின. என்னுடையதும்தான். மலேசியாக்காரர் வீடு வரும்வரை எங்களோடு பேசவில்லை.

அடுத்த ஞாயிறு நான் தனியாக எப்பிங் பக்கம் போய் முழு வழியையும் நடந்து பார்த்தேன். எனக்கு இரண்டு மணி நேரம் எடுத்தது. எங்கள் கூட்டத்துக்கு மூன்று என்று குறித்தேன். வேலியைக் கடக்கிற மரப்படிகள் இரண்டு இடத்தில் இருந்தன. ஏறி ஆட்டிப் பார்த்தேன், உறுதியாக இருந்தன.

வழி முடிகிற இடத்தில் வேறொரு பப். வாசலில் பத்து நிமிடம் நின்றுதான் உள்ளே போனேன். அங்கிருந்த வயதான பெண் சாப்பாட்டுப் பட்டியலைத் தந்தாள். மலேசியாக்காரர் இல்லாமல் நாங்கள் பதினாலு பேர். அத்தனை பேருக்கென்றால் சமையலுக்குத் தன் தங்கையைக் கூப்பிட வேண்டும், நிச்சயமாக வருவீர்களா என்று எனக்கு விளங்கும்படி மெதுவாக, கைச்சாடையோடு கேட்டாள். நிச்சயம் என்றேன்.

ஆளாளுக்குப் போன் எடுத்து என்ன வேண்டுமென்று கேட்டேன். எல்லாரும் ஒரே பதில்தான் சொன்னார்கள்: “உங்களுக்கு எது சுகமோ அதைப் போடுங்கோ.” மீன் எட்டு, கோழி நாலு, மரக்கறி இரண்டு என்று நானே முடிவு செய்தேன். சொல்ல வேண்டிய இங்கிலீசைத் தமிழ் எழுத்தில் எழுதி வைத்து, பப்புக்குப் போனில் வாசித்தேன்.

நடைக்கு முந்தின வெள்ளிக்கிழமை, எங்கள் கூட்டத்திலுள்ள அக்கா ஒருவர் எனக்குப் போன் எடுத்தார்.

“தம்பி, எல்லாருக்கும் புட்டும் இறைச்சிக் கறியும் கட்டி வாறன்.”

“அங்க சாப்பாடு சொல்லியாச்சு அக்கா.”

“உவங்கட அவிச்ச சாப்பாட்டை ஆர் தின்னுறது? வேண்டாமெண்டு சொல்லி விடுங்கோ.”

“ஏலாது அக்கா. அந்தப் பப்புக்கார மனிசிக்கு வாறமெண்டு சொல்லிப்போட்டன்.”

“அவள் என்ன, உங்கட மாமியே, இப்பிடிப் பயப்பிட?”

போனை வைத்துவிட்டேன். ஞாயிறு காலை அக்கா பெரிய பையோடு ஸ்டேஷனுக்கு வந்தார்.

“பாரமா இருக்கும், தாங்கோ அக்கா, நான் காவுறன்” என்று வாங்கிக்கொண்டேன். யாருக்கும் அது வித்தியாசமாகப் படவில்லை. கடைசி ஆளாக நடக்கிறவனிடம் பை இருப்பது வழக்கந்தான்.

இரண்டாவது மரப்படி தாண்டியதும் எல்லாரும் புல்லில் இருந்துவிட்டார்கள்.

“அண்ணை, பசிக்குது. பையை உங்கால கொண்டாங்கோ.”

“இல்லை.”

“என்ன இல்லை?”

“பப்பில சாப்பிட்டாப் பிறகுதான்.” என் குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது. “அந்த மனிசி எங்களுக்காகத் தங்கச்சியையும் கூப்பிட்டிருக்கு.”

“காவுறார், ஆனாத் தாறாரில்லை” என்று ஒருவர் சிரித்தார். அக்கா சிரிக்கவில்லை. நான் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, அன்று முதல்தடவையாக எல்லாருக்கும் முன்னால் நடந்தேன். கொஞ்ச நேரத்தில் பின்னால் காலடிகள் கேட்டன.

பப்பில் பெரிய மேசை போட்டு வைத்திருந்தார்கள். சமையலறைக் கதவருகே இன்னொரு பெண் நின்று எங்களை எண்ணினாள். பதினாலு தட்டு வந்தது. அக்கா கைப்பையிலிருந்து சின்னப் போத்தலை எடுத்து மீனில் மிளகாய்த்தூள் தூவினார். போத்தல் மேசையைச் சுற்றி வந்தது.

“மீன் பிழையில்லை” என்றார் அக்கா. “ஆனால் இந்தப் பச்சைப் பட்டாணியை மனிசர் சாப்பிடேலாது.”

மற்றத் தட்டுகள் எல்லாம் காலி. நான் அவருடைய தட்டை என் பக்கம் இழுத்து, பட்டாணியை ஒன்றுவிடாமல் சாப்பிட்டேன். பிறகு பையை எடுத்து அவரிடம் கொடுத்தேன்.