அக்குளுக்குள் ஒரு கயிறு: கோபர்கைரனேயிலிருந்து செம்பூர் வரை

மழை முடிந்து வெயில் ஏறத் தொடங்கிய ஒரு செவ்வாய்க்கிழமை, கோபர்கைரனே வீட்டிலிருந்து செம்பூர் ஆஸ்பத்திரிக்குப் போய்வந்தேன். மார்பிலிருந்த சிறு கட்டியோடு, நோய் பரவியிருக்கிறதா என்று பார்க்க இடது அக்குளிலிருந்து இரண்டு நிணநீர்க் கணுக்களையும் எடுத்து ஐந்து வாரம் ஆகியிருந்தது. பரவவில்லை என்றார்கள். நான் நம்பவில்லை. காரணம், அந்த அக்குளில் புதிதாகக் கிளம்பியிருந்த கயிறு. கையைத் தூக்கினால் தோலுக்கடியில் முழங்கை வரை விறைத்து நின்றது.

ஆபரேஷனில் ஏற்றும் நீல மருந்தால் சிறுநீர் பச்சையாகப் போகும் என்றுகூட முன்பே சொன்னவர்கள், இதைப் பற்றி ஏன் மூச்சு விடவில்லை? வீட்டிலும் அப்படித்தான். நான் ஹாலுக்கு வந்தால் கணவரின் பேச்சு நின்றுவிடும். தாராவியிலிருந்து உதவிக்கு வந்து தங்கியிருந்த நாத்தனார் செல்வி, இடது கையால் ஒரு டம்ளரைக்கூட எடுக்க விடமாட்டாள். ஒன்றுமில்லாத கைக்கு எதற்கு இவ்வளவு காவல்?

தனியாகப் போய் டாக்டரிடமே கேட்டுவிட நினைத்தேன். செருப்பை மாட்டும்போதே பின்னால் வந்து நின்றாள்.

"ஒத்தையிலயா போறீய மைனி? அண்ணன் என்னையல்லா ஏசும்!"

காலை பத்தரைக்கு மேல் கிளம்பினால் கூட்டம் குறைவு. வாஷியில் இறங்கி ஹார்பர் லைன் வண்டி மாற வேண்டும். அப்படியும் லேடீஸ் பெட்டியில் உட்கார இடமில்லை. மேலே தொங்கும் பிடிக்கு இடது கை எட்டவில்லை. கழிமுகப் பாலத்தில் வண்டி குலுங்கியபோது செல்வி என் இடுப்பைச் சுற்றிப் பிடித்துக்கொண்டு, உட்கார்ந்திருந்த ஒரு பெண்ணின் காதில் ஏதோ சொன்னாள். அந்தப் பெண் சட்டென்று எழுந்து இடம் கொடுத்தாள். என்ன சொல்லியிருப்பாள்?

செம்பூர் ஸ்டேஷனிலிருந்து ஆட்டோ. மீட்டரில் முப்பத்தொன்று. "பையா, ஆராம் ஸே!" என்று, மெதுவாக ஓட்டச் சொல்லிச் செல்வி மூன்று முறை அதட்டினாள். "குழியெல்லாம் நானா தோண்டினேன், தீதி?" என்றார் டிரைவர் இந்தியில்.

ஆஸ்பத்திரியில் பிசியோதெரபி அம்மாள் கயிற்றைத் தடவிப் பார்த்தார். கணுக்களை எடுத்த சிலருக்கு இப்படி வருமாம். நோய் பரவியதற்கான அடையாளம் இல்லை. பயிற்சி செய்தால் சில வாரத்திலோ மாதத்திலோ தளர்ந்துவிடும். "கையை அசைக்காமல் வைத்திருக்கச் சொன்னது யார்?" என்றார். செல்வி மின்விசிறியைப் பார்த்தாள்.

விடாமல் சர்ஜன் அறைக்கும் போய்க் கேட்டேன். "இரண்டு கணு, இரண்டும் சுத்தம்." அதே வாக்கியம். எல்லோரும் ஒரே வாக்கியத்தைச் சொன்னால் எனக்குச் சந்தேகம் கூடத்தான் செய்யும்.

வராந்தாவில் செல்வி அழுதுகொண்டிருந்தாள்.

"தல பின்னும்போதே அந்தக் கயித்தப் பாத்துட்டேன் மைனி. நோய் பரவிட்டு, நீங்கதான் எங்ககிட்ட மறைக்கீயன்னுல்லா நெனச்சோம். அண்ணனுக்கும் ராத்திரி ஒறக்கமே இல்ல."

"என்கிட்ட கேட்டிருக்கலாம்ல?"

"நீங்க மட்டும் எங்ககிட்ட கேட்டியளாக்கும்?"

டாக்டர்கள் சொன்னதைவிட அந்தக் கேள்விதான் என்னை நம்பவைத்தது. இப்படிப் பயந்தவளுக்கு என்னிடம் மறைக்க என்ன ரகசியம் இருந்திருக்கும்?

திரும்பும் வண்டியில் இடது கையை மெதுவாக உயர்த்தினேன். மேல்பிடி எட்டவில்லை, இருக்கையின் முதுகில் இருக்கும் கம்பி எட்டியது. தடுக்க வந்த செல்வியின் கை பாதியில் நின்று, தன் முந்தானையைப் பிடித்துக்கொண்டது.

இதே நிலையில் போகிறவர்களுக்கு: பையை மறு தோளில் மாட்டுங்கள். கயிறு தென்பட்டால் அன்றே காட்டுங்கள். என்னைப் போல ஒளித்து வைக்காதீர்கள். கை வீங்கினாலோ, சிவந்தாலோ, காய்ச்சல் வந்தாலோ மறுநாள் வரை காத்திருக்க வேண்டாம். வீட்டில் யாராவது பேச்சை நிறுத்தினால், என்ன பேசினார்கள் என்று அங்கேயே கேட்டுவிடுங்கள்.

தினமும் பயிற்சிக்கு இடது கை விரல்களைச் சுவரில் ஏறவிட்டு, எட்டிய இடத்தில் பென்சிலால் கோடு போடுகிறேன். செல்வி ஸ்கேல் வைத்து அளக்கிறாள். குதிகாலைத் தூக்கி ஏமாற்றுகிறேனா என்று குனிந்தும் பார்க்கிறாள்.