செருப்பைக் கழற்றிவிட்டு வந்த ஹவுஸ் ஓனர்

ஆனையூரில் எம்.ஏ. படிக்கும் நாங்கள் மூன்று பேர் வாடகைக்கு இருக்கும் மாடி வீட்டில், சமையலறையில் உள்ள மோட்டார் சுவிட்சைத் தொட்டால் ஷாக் அடிக்கும்.

ஓனரிடம் பலமுறை சொன்னோம். "செருப்புப் போட்டுக்கிட்டுத் தொடுங்கம்மா" என்பார். மேலே பேசினால் காலி செய்யச் சொல்லிவிடுவாரோ என்று எனக்குப் பயம். பெண் பிள்ளைகளுக்கு இங்கே வீடு கிடைப்பது எவ்வளவு கஷ்டம் என்று உங்களுக்கே தெரியும். கீழ் வீட்டில் குடியிருக்கும் ரஹ்மத் அக்காவிடம் மட்டும் புலம்பியிருந்தேன்.

இன்று காலை ஓனர் வந்தார். எல்லோரையும் போல வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். அக்காவும் பின்னாலேயே ஏறி வந்துவிட்டார்.

"அண்ணே, கீழ தண்ணி வரல. அந்த மோட்டாரக் கொஞ்சம் போட்டு விடுங்க."

அவருடைய கை சுவிட்சுக்குப் பக்கத்தில் போய் நின்றுவிட்டது. தன் வெறுங்காலைப் பார்த்துக்கொண்டார்.

"என்னண்ணே, பயமா இருக்கா? இந்தப் பிள்ளைக தினமும் தொடுதுக."

"இல்லம்மா, அது வந்து..."

"இதுகளக் காலி பண்ணச் சொன்னா நாங்களும் கிளம்பிருவோம். ரெண்டு வீட்டுக்கும் சேத்து ஆள் தேடிக்கங்க."

மதியத்துக்குள் எலக்ட்ரீஷியன் வந்து சுவிட்சையும் எர்த் வயரையும் மாற்றிவிட்டார். அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

கிளம்பும்போது ஓனர் என்னிடம், "இம்புட்டு மோசமா இருக்குன்னு முன்னாடியே சொல்லக் கூடாதாம்மா?" என்றார்.

"இப்பவே சொல்லிர்றேன் சார்," என்றேன். "மாடித் தொட்டிக்கு மூடி இல்ல."

உங்கள் ஓனரிடம் நீங்கள் இன்னும் சொல்லாமல் வைத்திருப்பது எது?